ஒரு நாள் பாஸ், ஆயுள் முழுக்கப் பாஸா?



எங்க குடும்பத்துலேயே முதன்முதலா படிக்க வந்தவன் நான். காயல்பட்டினத்துக்காரனுக்குச் சொந்த ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். ஓட்டுகிறவர் பணக்காரர்தான். ஆனால் பின்சீட்டில் இருப்பவரும், கீழே வீட்டில் தூங்குகிறவரும் நம்மைப் போன்றவர்களாக இருக்கலாமே!

ஐரோப்பாவில் சொந்தமாக ஹெலிகாப்டர் ஓட்டுபவரும், தான் ஓட்டும் ரகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தேர்வாளர் முன் பறந்து காட்ட வேண்டும். அமெரிக்காவில் 24 மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது 1 மணி நேரம் பாடமும் 1 மணி நேரம் பறத்தலும். இது வீண் தொல்லையா? இல்லவே இல்லை என்பேன்.

நடுவானில் என்ஜின் நின்றால், சிறிய ஹெலிகாப்டரில் ஓரிரு நொடிக்குள் இடக்கை லீவரை இறக்கியாக வேண்டும். அப்போதுதான் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும், பத்திரமாக இறங்கலாம். யோசிக்க நேரமில்லை, கை தானாகப் போகணும். பழக்கம் விட்ட கை போகாது.

1995-ல் உலக ராலி சாம்பியனான காலின் மெக்ரே, 15-9-2007 அன்று ஸ்காட்லாந்தில் தன் ஹெலிகாப்டரிலேயே விழுந்து இறந்தார். இரண்டு சிறுவர்கள் உட்பட நான்கு உயிர்கள் போயின. அவருடைய லைசென்ஸ் 2005-லேயே காலாவதி. அந்த ரகத்துக்கான தகுதியும் புதுப்பிக்கப்படவில்லை. தாழ்வாகப் பறந்தது தேவையற்ற ஆபத்து என்று 2011-ல் விசாரணை சொன்னது. விபத்துக்கு லைசென்ஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ‘இப்படிப் பறக்காதீங்க’ என்று சொல்லியிருப்பாரே!

‘தேறியவரும் விழுகிறாரே’ என்பீர்கள். உண்மைதான். 8-12-2021 அன்று குன்னூர் அருகே தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்ட ஹெலிகாப்டரை ஓட்டியவர்கள் விமானப்படையின் தேர்ந்த விமானிகள். திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் போய்விட்டார்கள் என்றது விசாரணை. தினமும் பயிற்சி பெறுகிறவருக்கே மேகம் எமன் என்றால், மாதம் ஒருநாள் பறக்கிறவர் கதி என்ன?

கம்பெனி பைலட்டைக் கண்காணிக்க மேலதிகாரி உண்டு. சொந்தக்காரரைத் தட்டிக் கேட்க யார்? அந்தத் தேர்வு ஒன்றுதான். செலவு ஆகுமாம்! ஹெலிகாப்டர் வாங்கியவருக்கா இந்தச் செலவு பாரம்?

நண்பர்களே, எந்திரத்துக்குக் காலாகாலத்தில் சர்வீஸ் செய்யணும் என்று படிக்கிறோம். அதை இயக்கும் கைக்கும் அது வேண்டும். நாளை நம் கையிலும் டிப்ளமா இருக்கும். அது நேற்றைய திறமைக்குச் சாட்சி. இன்றைய திறமையை இன்றுதான் காட்ட முடியும்!