மலையன்று, விளிம்பு

புனேயிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். அஷ்ட விநாயகத் தலங்களுள் ஒன்றாதலால் யாத்திரிகர் அவ்வூரை அறிவர். தொழிற்பேட்டை இருப்பதால் தொழிலாளரும் அறிவர். மலையைப் பற்றிப் பேச அங்கிருந்து தொடங்குவானேன் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அங்கே மலை இல்லை. கரிசலும் மேட்டுநிலமுமே உண்டு. ஆயினும் சஹ்யாத்ரியின் இயல்பை அறிய அதுவே தக்க இடம் என்பது என் கருத்து.

ரஞ்சன்காவிலிருந்து மேற்கே செல்பவர் மலையடிவாரம் எதையும் கடப்பதில்லை. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். நூறு கிலோமீட்டருக்குள் திடீரென நின்றுவிடும். அப்பால் ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே கொங்கணம் தெரியும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்று நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். மகாராஷ்டிரப் பகுதியைப் பொறுத்தவரை அப்பெயர் மாணவரைத் தவறான வழியில் செலுத்துகிறது. அது மடிந்தெழுந்த மலைத்தொடர் அன்று. பீடபூமியின் உடைந்த விளிம்பு. படித்துறையைக் குறிக்கும் ‘காட்’ என்னும் மராத்திச் சொல் எவ்வளவோ மேல்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரவி இப்பீடபூமி உண்டாயிற்று. பின்னர்ச் சீஷெல்ஸ் நிலத்துண்டு இந்தியாவினின்று பிரிந்து அகன்றது. அப்பிளவினால் தோன்றிய மேற்குச் சரிவைப் பருவமழை விடாது அறுத்தது; விளிம்பு கிழக்கு நோக்கிப் பின்வாங்கியது. அரபிக்கடலுக்கு நூறு கிலோமீட்டருக்குள்ளே பிறக்கும் பீமா நதி, அக்கடலுக்குப் புறங்காட்டிக் கிழக்கே ஓடிக் கிருஷ்ணையில் கலந்து வங்கக்கடலை அடைவது இவ்வரலாற்றின் விளைவே.

மழை மலையைத் தேய்க்கும் என்பது யாவரும் அறிந்தது. அது மலையை உயர்த்தவும் கூடும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். புவியின் மேலோடு, தன்னினும் அடர்ந்த அடிப்பாறைமீது மிதப்பது போல் அமைந்துள்ளது. சரக்கை இறக்கிய தோணி சற்று மேலெழுவது போல, அரிக்கப்பட்ட நிலமும் மெல்ல எழும். கொங்கணப் பக்கம் பாரம் குறைந்ததனால் விளிம்பு நிமிர்ந்திருக்க வேண்டும் என்று நிலவியலார் பலர் கருதுகின்றனர். மலை உயர்ந்ததால் தட்பவெப்பம் மாறியதா, தட்பவெப்பம் மாறியதால் சிகரங்கள் உயர்ந்தனவா என்ற வினாவை 1990இல் பீட்டர் மோல்னாரும் பிலிப் இங்கிலாந்தும் எழுப்பினர். கோழி முந்தியதா, முட்டை முந்தியதா என்பது போன்ற இவ்வழக்கு இன்னும் முற்றும் தீரவில்லை.

நம் பாடநூல்களோ ‘அகவிசை’ என்று ஓர் அத்தியாயமும் ‘புறவிசை’ என்று வேறோர் அத்தியாயமும் வகுத்துவிடுகின்றன. இவ்விரு சொற்களையும் பரப்பியதில் என் போன்றோருக்கும் பங்குண்டு. இதனால் விளைவது, பழைய மலை ஆதலின் அசையாத மலை என்னும் எண்ணம். 2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டத்து அம்பேகாவ் வட்டத்தில், மாளிண் என்னும் சிற்றூரின்மீது பெருமழையில் சரிவு இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். சரியாகப் பத்தாண்டு கழித்து, 2024 ஜூலை 30இல் வயநாட்டிலும் சரிவு ஊர்களை விழுங்கியது. அங்குள்ள பாறை வேறு. செங்குத்தான விளிம்பும் அதன்மேல் பொழியும் மழையும் ஒன்றே. சரிவை வெட்டி நிலம் திருத்தும் மனிதன் கையும் இவற்றோடு சேர்கிறது என்பதைக் களப்பணியாளருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மாளிண் இருக்கும் கோட் நதிப் படுகையிலேதான் ரஞ்சன்காவ் அடங்கிய சிரூர் வட்டத்தின் ஒரு பகுதியும் உள்ளது. மழைக்காலத்தில் ஆசிரியர் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்நதி நீரை முகந்து வகுப்பறையில் ஓரிரவு வைக்கலாம். முகட்டு மண்ணில் பெரும்பகுதி மேலேயுள்ள டிம்பே அணையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும் உடன் சொல்லவேண்டும். எனினும் காலையில் குவளையின் அடியில் சிறிது வண்டலேனும் படிந்திருக்கும்.