முத்திரை கேட்காத கைகள்

மஸ்ஜித் இந்தியாவின் நகைக்கடை ஒன்றில் மோதிரம் வாங்கும் தமிழ்க் குடும்பத்திற்கு இருக்கும் விழிப்பு பாராட்டத்தக்கது. 916 முத்திரை எங்கே என்று அது கேட்கும், எடையைச் சரிபார்க்கும், கூலிக்காக வாதிடும், ரசீதை மடித்துப் பத்திரப்படுத்தும். சில நூறு வெள்ளிக்கு இத்துணை விழிப்புக் காட்டும் அதே கை, பழைய தைலவண்ண ஓவியம் ஏலத்திற்கு வந்தால் ஒரு கேள்வியும் கேளாமல் உயர்ந்துவிடுவது ஏன்?

ஓவியரின் பெயர் தரும் மயக்கமே காரணம். இராஜா இரவிவர்மா (1848-1906) தீட்டிய ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 2023இல் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. இச்செய்தியைப் படித்தோருக்குப் பழைய சட்டத்திலிட்ட சரசுவதியும் இலட்சுமியும் எல்லாம் புதையலாகவே தோன்றக்கூடும். ஆனால், 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் பல்லாயிரம் படிகளாகப் பரப்பியவரும் அதே இரவிவர்மாதான். நிறத்திற்கொரு கல் வைத்துத் தாளில் அச்சிட்டு, மேலே மெருகெண்ணெய் பூசிய அப்படங்கள் தொலைவில் நின்று பார்ப்போருக்குத் தைலவண்ணமாகவே தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் தூரிகைத் தடம் மறைந்து, அச்சுப் புள்ளிகள் வெளிப்படும். பத்து வெள்ளிக் கண்ணாடி பல்லாயிரம் வெள்ளியைக் காக்கும்.

அச்சுப்படத்திற்கு மதிப்பே இல்லையா என வினவலாம். உண்டு. அரண்மனைச் சுவரிலிருந்த கலையை ஏழையின் பூசையறைக்குக் கொண்டுவந்த பெருமை அதனுடையது. அச்சுப்படத்தை அச்சுப்படமாக வாங்குவதில் இழிவில்லை. மூல ஓவியத்தின் விலைக்கு வாங்குவதே பேதைமை.

கண்ணாடிக்குத் தப்பிய ஓவியமும் சட்டத்திற்குத் தப்பாது. தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தை இந்தியா 1972இல் இயற்றியது. அதன்படி இரவிவர்மாவின் படைப்புகள் 1979இல் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே விற்றனுப்ப இயலாது. ஆகவே, கோலாலம்பூரில் விற்பனைக்கு வரும் ‘அசல் இரவிவர்மா’ முன்னரே முறையாக வெளிவந்ததாக இருத்தல் வேண்டும்; இல்லையேல் அது போலி அல்லது கடத்தற்பொருள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எந்தச் சீட்டுடன் கைமாறிற்று என்னும் வரலாறே ஓவியத்தின் 916 முத்திரை. அதைக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசுவதும் வீண்.

ஏலப் பட்டியலின் மொழியையும் கற்றறிதல் வேண்டும். ‘இன்னார் தீட்டியது’ என்பது வேறு. ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ வேறு. ‘இன்னார் வழியினர்’ வேறு. ‘இன்னாரைப் பின்பற்றியது’ வேறு. முதற்சொல் பொறுப்பேற்கிறது, மற்றவை படிப்படியாகப் பொறுப்பைக் கழற்றிவிடுகின்றன. சுத்தியல் விழுந்த விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேரும். பொருள் ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படும். கிழிசலும் பிற்காலப் பூச்சும் பின்னர் தெரியவந்தால், நட்டம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

மரபைக் காக்கவே வாங்குகிறோம் என்போர் உளர். சான்றற்றதை உயர்ந்த விலைக்கு வாங்குவோர் போலி செய்வோரையும் கடத்துவோரையுமே காக்கின்றனர். மரபின்மேல் மெய்யான பற்றிருந்தால், இம்மண்ணின் ஓவியர்களை நாடலாமே! இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் பயின்ற சையத் தாஜுதீன் இராமாயணக் காட்சிகளை மலேசிய ஓவியத்திற்குள் கொண்டுவந்தார். அவர் பெயரை அறிந்த தமிழ் இல்லங்கள் எத்தனை? ஓவியரிடமே நேரில் வாங்குவோருக்கு அவருடைய கையொப்பமே சான்று. கொடுத்த பணமும் தூரிகை பிடித்த கைக்கே சேரும்.

செல்வம் வந்த சமூகத்திற்குக் கலையார்வமும் வருதல் நன்று. அவ்வார்வம் கண்ணை மூடிக்கொண்டு வருமாயின், சுவரில் தொங்குவது கலையன்று, ஏமாந்ததற்கான ரசீது.