கூச்சத்துக்கு எத்தனை வட்டி?

கையில் மொத்தமாக ஒரு தொகை வந்தால் எந்தக் கடனை முதலில் அடைப்பது? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான்: யார் முகத்தில் அடிக்கடி விழிக்க வேண்டியிருக்கிறதோ, அவர் கடனை. விசேஷ வீட்டுப் பந்தியில் எதிரே வந்து உட்காரும் அத்தை முதலில். கடைத்தெருவில் நலம் விசாரிக்கும் பழைய அலுவலக நண்பர் அடுத்து. கிரெடிட் கார்டுக்கு முகம் கிடையாது, அதனால் அது கடைசி. வட்டியை அதிகம் தின்பது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வரிசை மாறுவதில்லை.

திருச்சியில் இருக்கும் என் தம்பிக்குச் சீட்டு முடிந்து, கமிஷன் போக இரண்டு லட்சம் கைக்கு வந்தது. பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடன்களை எழுதினோம். வீட்டுக்கடன் மாதா மாதம் சம்பளத்திலிருந்து போய்விடுகிறது. அதைத் தனியே வைத்தோம். மிச்சம் நான்கு. நகைக்கடன் 3 லட்சம், வருடத்துக்கு 9 சதம். கார்டில் 80,000, மாதம் 3.5 சதம். நண்பர் மூலம் வாங்கிய ஒரு லட்சம், ரெண்டு வட்டி. கும்பகோணத்து அத்தையிடம் இரண்டு லட்சம், வட்டி இல்லை, பத்திரமும் இல்லை.

தம்பி யோசிக்கவே இல்லை. "அத்தைக்குக் கொடுத்துடலாம்க்கா" என்றான். சமீபத்தில் ஒரு காதுகுத்தில் அத்தை அவனிடம், "ஹால்ல டைல்ஸ் எல்லாம் மாத்திட்டீங்களாமே?" என்று கேட்டாராம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு கேள்விக்கே இரண்டு லட்சமும் கும்பகோணம் பஸ் ஏறத் தயாராக இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கார்டுக் கடனுக்கு மாத வட்டி 2,800 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதம் ஜி.எஸ்.டி. வேறு, 504 ரூபாய். தம்பி 'மினிமம் டியூ' என்று மாதம் 4,000 கட்டி வந்தான். அதில் அசலில் கழிவது 700 ரூபாய்கூட இல்லை. தவறாமல் கட்டுகிறோம் என்ற நிம்மதி அவனுக்கு. கடனோ இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ரெண்டு வட்டிக் கடன் மாதம் 2,000. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிவது, வருடக் கணக்கில் 24 சதம். இந்த இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஆறாயிரம் கட்டுகிற குடும்பம், வட்டியே கேட்காத கடனை முதலில் அடைக்கப் பார்த்தது.

வீட்டு வேலையிலும் இதே வரிசைதான் என்பது மேஸ்திரி வந்த அன்று தெரிந்தது. ஹாலில் புது டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மஞ்சள் விளக்கு. வருகிறவர்கள் உட்கார்கிற இடம் அது. படுக்கையறையில் கட்டில் மேல் ஏறி நின்று, மேஸ்திரி சுத்தியல் காம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் 'டங்' என்றது. ஜன்னல் பக்கம் போனதும் 'தொப், தொப்' என்று மாறியது. சாக்பீஸால் வட்டம் போட்டார். ஒன்று, இரண்டு, சுவர் ஓரமாக மூன்றாவது. மொட்டை மாடித் தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போய்த் தண்ணீர் இறங்குகிறது; உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பெயர்த்துத் தள்ளும். "இப்ப கொத்தி, கம்பியத் தேச்சு, மேல இணைப்பு அடைச்சா இருபதாயிரத்துல முடியும் தம்பி. ஐப்பசி மழை ஒண்ணு தாண்டுச்சுன்னா கம்பிய மாத்தணும்" என்றார். ஹாலிலும் ஈரம் உண்டா என்று கேட்டேன். ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதைப் பிரிச்சாத்தான் தெரியும்மா" என்று சிரித்தார்.

தம்பி மனைவி அதுவரை பேசாமல் இருந்தாள். "சிங்க் குழாயும் ஒழுகுது அண்ணி. வாளி வச்சுத்தான் பாத்திரம் கழுவுறேன். சமையக்கட்டுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா, அதான் அப்படியே கெடக்கு" என்றாள். பார்க்கிறவர்கள் இல்லாத இடத்துக்குப் பணம் போவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது.

இப்படிச் சொல்வதால் கூச்சம் வெறும் முட்டாள்தனம் என்று ஆகிவிடாது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து களைகட்டும். கறிச்சோறு போட்டு, ஆள் வைத்து நோட்டில் எழுதி, வட்டியில்லாமல் பெருந்தொகை திரட்டித் தருகிற ஏற்பாடு அது. அந்தப் பணத்தில் வீடு கட்டியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. அங்கே ஜாமீன் கையெழுத்து கிடையாது. போட்டவருக்குத் திருப்பிப் போடாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பதுதான் ஜாமீன். அத்தை கொடுத்த இரண்டு லட்சமும் அந்த ரகம். நாளைக்கே தம்பி வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுக்கப்போவது அத்தைதான். கார்டுக் கம்பெனி எடுக்காது. அந்த உறவைக் கெடுத்துக்கொண்டு வட்டியை மிச்சம் பிடிப்பது லாபமே இல்லை.

ஆனால் இந்தக் கூச்சத்தைக் காசாக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். விடிந்ததும் வாசலில் வந்து நிற்கிற தண்டல்காரருக்குத் தெருவே சாட்சி என்பது தெரியும். கடன் செயலிகள் ஒருபடி மேலே போய், போனிலிருக்கும் எண்களுக்கெல்லாம் ஆள் மானத்தை வாங்கிச் செய்தி அனுப்பின. செயலிகள் போனின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. வங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்றும் அதே ஆண்டு சொன்னது. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டு இவற்றைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சத்தமே போடாத கடன்கள் இன்னொரு பக்கம். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். தங்கம் விலை ஏறினால் அதே நகைக்குக் கூடுதல் தொகை கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்வோம். வளையல் அதே வளையல்தான், அதன் மேல் இருக்கிற கடன் மட்டும் வளர்கிறது. வீட்டுக்கடன் இன்னும் அமைதி. 20 லட்சம், 8.5 சதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் தவணையில் வட்டி மட்டும் 14,167. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதத்திலிருந்து 6.5 சதத்துக்கு ஏறியபோது, பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. தவணைகளின் எண்ணிக்கைதான் கூடியது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்பது வங்கிகளுக்கு 2012 முதலே இருக்கிற விதி. மேலே சொன்ன கடனில் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், மூன்று வருடத்துக்கு மேல் குறையும். ஆனால் இதெல்லாம் ரெண்டு வட்டியின் 24 சதமும் கார்டின் வருட 42 சதமும் வீட்டை விட்டுப் போன பிறகு செய்கிற வேலை.

நோட்டில் புது வரிசை எழுதினோம். 80,000 கார்டுக்கு, ஒரு லட்சம் ரெண்டு வட்டிக்கு, மிச்சம் 20,000 கூரைக்கு. கார்டை அடைத்த கையோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்பது தம்பி மனைவியின் நிபந்தனை. சிங்க் குழாயைக் கூரை வேலையோடு சேர்த்துச் செய்ய மேஸ்திரியிடம் அவளே பேசிவிட்டாள். இரண்டு கடனும் தீர்ந்ததால் மாதம் மிச்சமாகும் ஆறாயிரம் ரூபாய், அடுத்த மாதத்திலிருந்து அத்தைக்கு. மூன்று வருடத்துக்குள் அத்தை கடனும் முடியும், நடுவில் யாருக்கும் தண்ட வட்டி இல்லை. நகையை அதற்குப் பிறகு மீட்கலாம். போனஸ் வந்தால் அசலில் கொஞ்சம் கழிக்கலாம். வீட்டின் முன்பக்கத்துக்கு, பெயிண்ட் உட்பட, அதுவரை ஒன்றும் கிடையாது.

கஷ்டமான வேலை ஒன்று மிச்சம் இருந்தது: அத்தையிடம் சொல்வது. இரண்டு லட்சத்தைக் கொடுப்பதைவிட, இல்லை என்று வாய்விட்டுச் சொல்வது தம்பிக்குப் பாரமாக இருந்தது. கார்டுக் கடன், ரெண்டு வட்டி, ஒழுகும் கூரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். போனில் சொன்னான். அத்தை திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று உருகவும் இல்லை. "மாசம் எந்தத் தேதிடா அனுப்புவே?" என்று மட்டும் கேட்டார். ஐந்தாம் தேதி என்றான். இந்த ஏற்பாடு முழுவதும் இப்போது அந்தத் தேதியில்தான் நிற்கிறது. ஒரு மாதம் தவறினாலும், அத்தையை விட்டுவிட்டுக் கார்டை அடைக்கச் சொன்ன என் கணக்கை எந்த விசேஷ வீட்டிலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.