மவுஸ் யார் கையில்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்குத் தாளில் கடைசிப் பகுதியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று என இரண்டு கேள்விகள் வரும். தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது 35 மதிப்பெண்; அதில் 16 இங்கேயே கிடைத்துவிடும். அதனால்தான் தேர்வு நெருங்கும் மாதங்களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் 'கிராஃபை மட்டும் விட்டுடாதீங்கப்பா' என்ற குரல் வகுப்புக்கு வகுப்பு கேட்கிறது.

'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து ஐந்தாறு கிராஃபைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். அட்டவணை போடு, புள்ளி வை, வளைவாக இழு, விடையை எழுது. பையன் தேறிவிடுவான். அந்த வளைவு ஏன் வளைந்தது, கிடைக்கோட்டை ஏன் இரண்டு இடத்தில் வெட்டியது என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் அவனுக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தேர்ச்சி விழுக்காடு அவர்கள் கழுத்தில் தொங்குகிறது. ஆனால், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று ஒருமுறை பாருங்கள். அப்பா மில்லில் ஷிஃப்ட் போகிறவர். அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கிறவர், அல்லது வத்திராயிருப்பு வயலில் களையெடுக்கிறவர். டியூஷனுக்குப் பணம் இல்லை. பணம் இருந்தாலும் டியூஷன் முடிந்து திரும்ப பஸ் இல்லை. காலனிப் பிள்ளைக்கு மனப்பாடம், டவுன் பிள்ளைக்கு விளக்கம் என்று கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இந்தப் பிரிவினையை எந்த அரசாணையும் போடவில்லை. அதனால் எந்த அரசாணையாலும் தானாகப் போய்விடாது.

விளக்கம் சொல்லும் மென்பொருள்

இதை உடைக்கும் கருவி ஒன்று நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 2018 முதல் வந்த புதிய கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். அதில் சொல்லப்படும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளை மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் பள்ளிகளில் இருக்கிறது. படிப்புக்குப் பயன்படுத்தக் காசு வேண்டாம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். பென்டிரைவில் போட்டு ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குக் கொண்டுபோகலாம்.

இது என்ன செய்யும்? ஒரு சமன்பாட்டைத் தட்டினால் அந்த நொடியே வரைபடம் போடும். தீர்வு கேட்டால் தீர்வும் சொல்லும். விடை சொல்வது பெரிய விஷயம் இல்லை. கைபேசியில் படம் எடுத்தால் விடை சொல்லும் செயலிகள் இன்று நிறைய உண்டு. அவை மனப்பாடத்தை இன்னும் சுலபமாக்கும், அவ்வளவுதான். ஜியோஜீப்ராவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் எண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4 எக்ஸைக் கழித்து, அதோடு ஓர் எண்ணைக் கூட்டுங்கள். அந்த எண்ணை மட்டும் நகர்த்துவதற்குத் திரையில் ஒரு சிறிய நழுவுபட்டை இருக்கும். அதை 3-இல் வையுங்கள். வளைவு கிடைக்கோட்டை 1, 3 என்ற இரண்டு இடங்களில் வெட்டும். 4-க்கு நகர்த்துங்கள். வளைவு மேலே ஏறி, 2 என்ற ஒரே புள்ளியில் கோட்டைத் தொட்டு நிற்கும். 5-க்கு நகர்த்துங்கள். கோட்டைத் தொடாமல் மேலே போய்விடும். இரண்டு தீர்வு, ஒரே தீர்வு, மெய்த்தீர்வு இல்லை என்று புத்தகத்தில் மூன்று தனித்தனி விதிகளாகப் படித்தது, ஒரே வளைவு மேலே ஏறுவதுதான் என்று பத்தே நொடியில் கண்ணுக்குத் தெரியும். 'தன்மைக்காட்டி' என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வரும்.

இந்தச் சோதனையைத் தாளில் செய்து பார்க்க மூன்று வரைபடத் தாள் வேண்டும், ஒரு பாடவேளை முழுக்க வேண்டும். எந்தப் பள்ளியும் 'மெல்லக் கற்போருக்கு' அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

களத்துமேட்டுக் கணக்கு

இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஒரு வயலில் களையெடுக்க 12 பேர் இறங்கினால் 5 நாள் ஆகிறது. அப்படியானால் மொத்தம் 60 ஆள்நாள் வேலை. 6 பேர் என்றால் 10 நாள். 20 பேர் என்றால் 3 நாள். ஆள் கூடினால் நாள் குறையும். பாடப்புத்தகத்தில் இதற்கு எதிர் மாறல் என்று பெயர். ஜியோஜீப்ராவில் இதை வரைந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு வளைவு வரும். எத்தனை பேரை இறக்கினாலும் அது அடிக்கோட்டைத் தொடாது. ஆள்பலத்தால் மட்டும் எந்த வேலையையும் பூஜ்ஜிய நேரத்தில் முடிக்க முடியாது என்று அந்த வளைவு சொல்கிறது.

இப்போது ஒரு கங்காணி வந்து '8 பேர் போதும், 5 நாளில் முடிங்க' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 பேருக்கு ஏழரை நாள் ஆக வேண்டும். 8, 5 என்ற புள்ளியைத் திரையில் வைத்தால் அது வளைவுக்குக் கீழே விழும். அப்படி விழுந்தால் ஒவ்வொருவரிடமும் ஒன்றரை ஆள் வேலை வாங்கிவிட்டு ஓர் ஆள் கூலி கொடுக்கிறார்கள் என்று பொருள். தன் தாய் உடம்பு நோக வீடு திரும்புவது ஏன் என்பதை ஒரு பிள்ளை கணக்கில் பார்க்கும் இடம் இது. கணக்கு நமக்கு வராது என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னவர்களுக்கு, நாம் கணக்குப் பார்க்காமல் இருப்பதில் லாபம் இருந்தது.

பிளவக்கல் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் குறித்து வரைந்து பார்க்கலாம். பால்கோவாவுக்கு ஊற்றும் பாலையும் கிடைக்கும் கோவாவையும் வரைந்து பார்க்கலாம். தறியில் ஓடும் மீட்டரையும் கிடைக்கும் கூலியையும் வரைந்து பார்க்கலாம். நம் ஊரில் கணக்குக்குப் பஞ்சம் இல்லை.

கரும்பலகையும் கணினியும்

கருவி இருக்கிறது. பள்ளியில் கணினியும் இருக்கிறது. 2019 முதல் தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அப்படி இருந்தும் கிராஃப் ஏன் இன்னும் மனப்பாடமாகவே நடக்கிறது?

ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். பல பள்ளிகளில் அந்த அறை இணையவழித் தேர்வுக்கும் அலுவலகப் பதிவேற்றத்துக்கும் மட்டுமே திறக்கிறது. வகுப்புக்காகத் திறந்தாலும் ஒரு கணினி முன்னால் மூன்று நான்கு பேர். மவுஸ் ஒருவன் கையில். மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மவுஸ் பிடித்தவன் பெரும்பாலும் வீட்டில் கணினி உள்ளவன். பின்னால் நிற்பவர்களில் காலனிப் பிள்ளையும் இருப்பாள், பொம்பளைப் பிள்ளைகளும் இருப்பார்கள். யாரும் யாரையும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வருடம் முடியும்போது சில கைகள் அந்த மவுஸைத் தொட்டே இருக்காது.

தொடுவது என்பது நம் மக்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் மாணவர் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொன்னார். வகுப்பில் ஒரே கூச்சல். மற்ற மாணவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் பலகையை நெருங்குவதற்குள் ஓடிப்போய் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். தனஞ்சய் கீர் எழுதிய அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. பாத்திரங்கள் போன பிறகு பீமராவ் பலகையைத் தொட்டுக் கணக்கைப் போட்டார். இன்று கரும்பலகையின் இடத்துக்குத் திரை வந்திருக்கிறது. அதை யார் தொடுகிறார்கள் என்ற கேள்வி மாறவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வகுப்பறையோடு அதை நிறுத்தக் கூடாது. கணினி ஆய்வகத்திலும் அகர வரிசை வேண்டும். ஒரு கணினியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாற வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

'கணினியில் வரைந்தால் கையால் வரைய மறந்துவிடுவார்கள், தேர்வில் என்ன செய்வது?' என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலில் கையால் வரையட்டும். பிறகு அதையே கணினியில் போட்டுச் சரிபார்க்கட்டும். தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குத் தேர்வில் கை நடுங்காது. யாரும் சிரிக்காமல், யாரும் திட்டாமல் பத்துத் தடவை தப்புச் செய்ய ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமா? 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்காத ஒரு வாத்தியார் அது.

'கிராமத்துப் பள்ளிக்கு இதெல்லாம் சரிவருமா?' என்பது அடுத்த கேள்வி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரள அரசு 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. இன்று அது 'கைட்' என்ற நிறுவனமாக இருக்கிறது. காசு கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளை விட்டுவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்குப் பள்ளிகளை மாற்றினார்கள். ஜியோஜீப்ராவைப் பாடத்திலேயே வைத்தார்கள். எஸ்எஸ்எல்சி தேர்வில் கணினிச் செய்முறையும் உண்டு. தேர்வில் இருப்பதால் ஆய்வகக் கதவு திறந்தே ஆக வேண்டும். நம் புத்தகத்தில் அது தேர்வில் வராத ஒரு பக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. எத்தனையோ காலனி வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். பிறகு திட்டம் நின்றது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் நம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார். வரவேற்க வேண்டியது. ஆனால், பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவன் கல்லூரி வாசலுக்கே போவதில்லை. அவனுக்குக் கணினி பள்ளியில் வேண்டும், விடுதியில் வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி, ஒவ்வொரு விடுதியிலும் மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து பழக நாலைந்து மேசைக்கணினிகள் வரட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பணத்தை இதற்குச் செலவிடாமல் எதற்குச் செலவிடுவது? பள்ளி ஆய்வகங்களை மாலை நாலரை மணிக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது திறந்துவைக்க முதன்மைக் கல்வி அலுவலர் உத்தரவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. நம் வாக்கு வாங்கிப் போனவர்களிடம் சாலையும் சாக்கடையும் கேட்பதைப் போல இதையும் கேட்கலாம்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். கூலி வேலைக்குப் போகிற அம்மா அந்தக் கூட்டத்தில் எழுந்து, 'என் மகள் இந்த மாசம் எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்?' என்று கேட்கலாம். அதைக் கேட்க அவர் கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை.

நம் ஊர்களில் அம்பேத்கர் மன்றங்கள் இருக்கின்றன. கேரம்போர்டு இருக்கிறது, ஏப்ரல் 14-க்குக் கொடி இருக்கிறது, பேனர் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்ட அண்ணன்களும் அக்காக்களும் தங்கள் பழைய மடிக்கணினியைப் பழுதுபார்த்து மன்றத்தில் வையுங்கள். ஜியோஜீப்ராவை ஏற்றி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஒரு வருட பேனர் காசு போதும்.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது பின்னால் நிற்காதீர்கள். 'நான் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்' என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள். மவுஸ் கைக்கு வந்ததும் எண்ணை மாற்றுங்கள், வளைவு எங்கே போகிறது என்று பாருங்கள், ஏன் போனது என்று ஆசிரியரைக் கேளுங்கள். அந்த 'ஏன்'தான் கணக்கு. அது உங்களுக்கும் உரியது.