அப்பாவின் கொரோலாவும் என் மஸ்டாங் ஆசையும்

டூங்காபி வீட்டு டிரைவ்வேயில் அப்பாவின் 98 கொரோலா இன்னும் நிக்குது. "எஞ்சின் தங்கம்டா, வித்துடாதே" என்பார். எனக்கோ மஸ்டாங் மேல ஒரு கண்.

முடிவெடுக்கும் முன் ஆன்காப் மோதல் சோதனைகளைப் பார்த்தேன். 2017இல் ஒரு 1998 கொரோலாவையும் 2015 கொரோலாவையும் 64 கி.மீ. வேகத்தில் மோத விட்டார்கள். பழையதுக்கு 16க்கு 0.40 புள்ளி, புதியதுக்கு 12.93. எஞ்சின் தங்கமா இருந்து என்ன பயன்?

புதுசுன்னா பாதுகாப்புதானே என்று மஸ்டாங்கைத் தேடினேன். அதே 2017இல் அதுக்குக் கிடைச்சது இரண்டே ஸ்டார். பின் சீட்டில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு போதாது என்பதும் ஒரு காரணம். பிறகு மேம்படுத்தியும் மூன்றுதான். இங்கே சட்டப்படி, பின் சீட் உள்ள காரில் 4 வயசு ஆகாத பிள்ளை பின்னாலதான் உட்காரணும். என் மகளின் இடமே அதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "கடைக்குப் போக நான் வச்சுக்கிறேன். பேத்தியை இதுல ஏத்த மாட்டேன்" என்றார். நானும் மஸ்டாங்கை மறந்துட்டேன்.

நீங்க கார் வாங்கும்போது ஸ்டாரை மட்டும் பார்க்காதீங்க. அது எந்த வருஷத்துச் சோதனை, பின் சீட்டுக்கு என்ன மதிப்பெண் என்றும் பாருங்க.