எண்ணெய்க் கதைகளும் நமது காதுகளும்

போர் நின்றால் எண்ணெய்க்காக. போர் தொடங்கினால் அதுவும் எண்ணெய்க்காக. நமது இலக்கியக் கூடல்களின் தேநீர் வேளையில் முளைத்து, பள்ளிவாசல் முற்றத்தில் வளர்ந்து, வாட்ஸ்அப்பில் காய்த்துத் தொங்கும் வாதம் இது. 2025 ஜூன் 24 அன்று ஈரான் - இஸ்ரேல் போர்நிறுத்தம் வந்தபோதும் இதுவே தூசு தட்டி எடுக்கப்பட்டது. "எண்ணெய் விலையை இறக்கத்தான் போரை நிறுத்தினார்கள், எல்லாம் முன்பே எழுதிவைத்த நாடகம்" என்றார்கள். சொன்னவர்களில் கவிஞர்கள் உண்டு, விமர்சகர்கள் உண்டு, என்னைப் போன்ற வாத்திமாரும் உண்டு. ஆதாரம் என்ன என்று கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்றொரு சிரிப்பு. எனது சண்டை அந்தச் சிரிப்போடுதான்.

முதலில் அந்த ஜூன் மாதக் கணக்கையே பார்ப்போம். போர்நிறுத்த அறிவிப்பு வருமுன்னரே, 23ஆம் திகதியே எண்ணெய் விலை சுமார் 7 சதவீதம் சரிந்துவிட்டது. ஈரானின் பதிலடி கட்டாரிலிருந்த அமெரிக்கத் தளத்தின் மீது விழுந்ததே தவிர எண்ணெய் நிலைகளின் மீது விழவில்லை, ஹோர்முஸ் நீரிணையும் மூடப்படவில்லை என்று சந்தை கண்டுகொண்டதே காரணம். அறிவிப்பு வந்தபின் விலை மேலும் இறங்கியது உண்மை. போர் அச்சத்தால் ஏறிய விலை அச்சம் நீங்க இறங்கும். விளைவைக் காரணமாக்கிக் காட்டுவது வித்தையாகலாம், ஆய்வு ஆகாது.

போர்நிறுத்தம் என்றாலே விலை இறங்கும் என்ற விதியும் கிடையாது. 1973 ஒக்டோபர் 22 அன்று பாதுகாப்புச் சபை போர்நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகும் ஏறிய விலை, 1974 ஜனவரிக்குள் போருக்கு முன்பிருந்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கானது. மறுதலையாக, 1991 ஜனவரி 17 அன்று ஈராக்கின் மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது எண்ணெய் ஒரே நாளில் மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது.

இனி நமது உள்ளூர்ப் பதிப்பு. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்கு நோர்வே அனுசரணை வழங்கியது மன்னார்க் கடலின் எண்ணெய்க்காக என்பது இன்றும் பலருக்குப் பாலபாடம். இதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. நோர்வேயைச் சேர்ந்த டி.ஜி.எஸ். நொபெக் நிறுவனம் 2001இலும் 2005இலும் அந்தக் கடலில் நிலநடுக்க அலை ஆய்வு நடத்தியது. ஆனால் அது எண்ணெய் அகழும் நிறுவனமல்ல. கடலடியை அளந்து, அந்தத் தரவுகளை விற்பதே அதன் தொழில். நோர்வேயின் அனுசரணையோ சந்திரிகா காலத்தில், 2000ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாகிவிட்டது. மன்னார்ப் படுகையில் 2008இல் முதல் அகழ்வு உரிமம் பெற்றது கெயார்ன் இந்தியா. 2011இல் டொராடோ, பரகூடா கிணறுகளில் எரிவாயு கண்ட அந்த நிறுவனமும் 2015இல் விலகியது. அங்கிருந்து இன்றுவரை வணிகரீதியாக ஒரு பீப்பாய் எண்ணெய் வெளிவரவில்லை. இவ்வளவு பெரிய சதி இவ்வளவு வெறுங்கையோடா முடியும்?

சதிக்காரருக்கு நானே ஒரு துருப்புச்சீட்டுத் தருகிறேன். 2008 ஜனவரி 2 அன்று உலகச் சந்தையில் எண்ணெய் முதன்முறையாக 100 டொலரைத் தொட்டது. அதே நாளில்தான் போர்நிறுத்தத்திலிருந்து விலகும் முடிவைக் கொழும்பு அறிவித்தது. எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் உடன்படிக்கை 2006 முதலே குற்றுயிராய்க் கிடந்ததை யாழ்ப்பாணத்தவர் அறிவர். அந்த 100 டொலருக்கும் கொழும்பின் முடிவுக்கும் ஒரு நூலிழைத் தொடர்பைக்கூட எவரும் காட்டியதில்லை. ஒரே நாளில் நடந்தவை என்பதற்காக ஒன்று மற்றதைப் பெற்றுவிடாது.

போருக்கும் எண்ணெய் விலைக்குமான மெய்யான உறவைக் காண ஒஸ்லோவுக்குப் போகத் தேவையில்லை. 1990களில் உலகச் சந்தையில் எண்ணெய் மலிவாகக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொழும்பு விலையைவிடப் பல மடங்கு விற்றது. ஜாம் போத்தலில் பஞ்சையும் திரியையும் இட்டு அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அந்த விலையை நிர்ணயித்தது அரசின் பொருளாதாரத் தடையும் பாதை மூடலும். அது வர்த்தமானியிலும் சோதனைச்சாவடியிலும் எழுதப்பட்ட பகிரங்கக் கொடுமை. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் விலை இறங்கியது. 2006 ஓகஸ்டில் மூடியதும் ஏறியது. கண்முன்னே கிடக்கும் இந்த ஆவணத்தை விட்டுவிட்டு ஏன் கண்காணாத சதியைத் தேடி ஓடுகிறோம்?

ஓடுவது வசதி என்பதால். எல்லாம் எண்ணெய் என்றால் எவரையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. 2002 பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்கெனத் தனித் தரப்பு ஏன் வழங்கப்படவில்லை? அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கைச்சாத்திட்டவை ஏன் காகிதத்திலேயே நின்றன? வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் ஏன் இன்னும் நிறைவடையவில்லை? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். எண்ணெய்க் கதை அவர்கள் அத்தனை பேரையும் விடுதலை செய்துவிடுகிறது.

சதிகளே இல்லை என்பதல்ல எனது கட்சி. 1953இல் ஈரானில் மொசாடெக் ஆட்சி கவிழ்க்கப்பட்டது சதிதான். அதில் எண்ணெயும் இருந்தது. அதை அறிவது ஆவணங்களால், சி.ஐ.ஏ.யின் சொந்த ஆவணமே 2013இல் அதை ஒப்புக்கொண்டது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது, பிள்ளை எழுதிய விடையை மட்டும் பார்க்காதே, செய்கையைப் பார் என்பதே. செய்கை இல்லாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை. அதை ஒரு பேராசிரியர் சொன்னாலும் சரி.

ஏனையோரைவிட நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டது எதன் பேரால்? "காட்டிக்கொடுப்பவர்கள்" என்ற சந்தேகக் கதையின் பேரால். ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்திய அந்தக் கதைக்கு எவரும் செய்கை காட்டவில்லை. 2018இல் அம்பாறையில் கடை உடைத்தது கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை என்ற கதை. 2020இல் நமது ஜனாஸாக்களை எரித்தது நிலத்தடி நீர் கெடும் என்ற கதை. ஆதாரமில்லாக் கதையின் தீயில் இத்தனை முறை வெந்தவர்கள், அதே நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியலாமா? நமக்குப் பிடித்த எதிரியைப் பற்றியது என்பதால் பொய் மெய்யாகிவிடுமா?

செய்தி சரிபார்த்தல் மேற்கிலிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு சொல்லை யார், யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எப்படி, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஸனதை வரிசையாக விசாரித்து, பலவீனமானதை ளஈப் என்றும் இட்டுக்கட்டியதை மவ்ளூஃ என்றும் ஒதுக்கிய மரபு யாருடையது? கொண்டுவரப்பட்ட செய்தியைத் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதீர்கள் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் ஓதுபவர்கள் யார்? ஸனது அறுந்த செய்தியை "வந்தபடியே அனுப்புகிறேன்" என்ற குறிப்போடு நூறு பேருக்குத் தள்ளிவிடுபவர், அந்த நூறு பேருக்கும் தானே ராவியாகிறார். அடுத்த கூடலில் எண்ணெய்க் கதை வரும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கு இதைச் சொன்னவர் யார்?