வெள்ளை மட்டும் தப்பியது

போன வாரம் சொன்னபடி இது பியனாலே பற்றிய பத்தியாக இருந்திருக்க வேண்டும். கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று முதன்முதலாகத் தொடங்கிய அந்தக் கலைவிழாவுக்கு வருகிறவர்கள் ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸிலேயே கால் ஓய்ந்துபோகிறார்கள். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குள் இருப்பதைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. இதை வைத்துக் கொஞ்சம் சண்டை போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு பிரிண்ட் கடைக்குப் போய்த் தொலைத்தேன்.

வாட்ஸ்அப்புக்கும் எனக்கும் உள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழசு. அதில் வரும் கல்யாணப் பத்திரிகைகளைத் திட்டியபோது வந்த வசவுக் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பென்டிரைவை நீட்டினேன். கடைப் பையன் அதைத் தொடவே இல்லை. "சேட்டா, வாட்ஸ்அப்பில் அயச்சா மதி." அனுப்பினால் போதுமாம். என் படம் 6000 பிக்சல் நீளம், 300 டிபிஐ கணக்கில் 20 அங்குலத்துக்கு அச்சிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்து, மிச்சத்தையும் நசுக்கித்தான் அந்தப் பக்கம் கொடுக்கும். அதே கணக்கில் ஐந்தரை அங்குலம்கூடத் தேறாது. டாக்குமென்டாக அனுப்பினால் தப்பிக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கையில் முழுப்படம் இருக்க, எதிரே கணினியில் அதற்கான துளையும் இருக்க, இரண்டடி தூரத்துக்கு எதற்கு ஒரு செயலி? கேமராவுக்கும் லென்ஸுக்கும் கடன் வாங்கிய தலைமுறை, கடைசி இரண்டடியில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

ஒருவழியாகப் பென்டிரைவ் உள்ளே போனதும் அடுத்த வழக்கு. இது ஜே.பி.இ.ஜி.யாம், மெஷினுக்கு ஜே.பி.ஜி.தான் வேண்டுமாம். இரண்டும் ஒன்றேதான். 1992-இல் வந்த ஒரே தரம். பழைய டாஸ் கணினிகளில் கோப்பின் வால் மூன்று எழுத்துக்கு மேல் நீளக் கூடாது என்பதால் நடுவிலிருந்த எழுத்து ஒன்று உதிர்ந்தது, அவ்வளவே. பெயரை மாற்றினால் போதும். ஐபோனின் எச்.இ.ஐ.சி. கோப்புக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது, முறைப்படி மாற்றித்தான் சேமிக்க வேண்டும்.

படம் என்னவென்றால், ஃபோர்ட் கொச்சியின் டோபி கானா என்ற சலவைக் கூடத்தின் கொடிகள். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஒரு பச்சைப் புடவை, ஒரு சிவப்புப் புடவை. அச்சாகி வந்ததில் பச்சை வாடிய வாழையிலையாகிக் கிடந்தது. சிவப்பு செத்தே போயிருந்தது. காரணம் எளிது. கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். பச்சை 200 என்றால் எந்தப் பச்சையில் 200 என்று சொல்வது கூடவே ஒட்டியிருக்கும் கலர் புரொஃபைல். ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபியைத்தான் சாதாரணக் கடை இயந்திரம் எதிர்பார்க்கும். நான் கொடுத்தது அடோபி ஆர்ஜிபி. புரொஃபைலும் உள்ளேயே இருந்தது. அதைப் படிக்காமல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வண்ணம் வெளிறத்தானே செய்யும்? (அந்த அடோபி ஆர்ஜிபி பிறந்ததே ஒரு பிழையில். தொலைக்காட்சித் தர ஆவணம் ஒன்றின் பின்னிணைப்பிலிருந்து தவறான எண்களை எடுத்து, அதிலும் சிவப்பைத் தப்பாகப் படியெடுத்து ஃபோட்டோஷாப்பில் போட்டுவிட்டார்கள். பயன்படுத்தியவர்களுக்கு அது பிடித்துப்போனதால் 1998 என்று ஆண்டைச் சேர்த்துப் பெயர் சூட்டி வைத்துக்கொண்டார்கள்.)

ஆனால் வெள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் சமம். இரண்டு புரொஃபைலுக்கும் வெண்மை ஒன்றேதான் என்பதால் எதில் படித்தாலும் வெள்ளை வெள்ளையாகவே வரும். கடைக்காரரோடு போட வேண்டிய மிச்சச் சண்டையை மறந்து அந்த விரிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டோபி கானாவில் பேச்சு தமிழ். அங்கே துவைப்பவர்கள், டச்சுக்காரர்கள் தங்கள் படையின் சீருடைகளை வெளுக்கக் கூட்டிவந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள். இப்போதுள்ள துவைக்கும் கூடம் 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப் கிடையாது. அரிசிக் கஞ்சி, தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, அப்புறம் நீலம். வெளுத்த பருத்தி உண்மையில் கொஞ்சம் மஞ்சள்தான். துளி நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிட, கண் அதை வெள்ளை என்று ஒப்புக்கொள்கிறது. திருச்சூரில் 1983-இல் தொடங்கிய ஜோதி லேபரட்டரீஸின் உஜாலா நாடெங்கும் விற்றது இந்த ஒப்புதலைத்தான். "நீலம் கூடிப்போனா வெள்ளை செத்துரும் தம்பி" என்றார் அங்கே ஒரு பெரியவர். இந்த அளவைச் சொல்ல அவர்களிடம் கரண்டி கிடையாது. வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே நிறுத்துகிறார்கள்.

ஃபோட்டோ தாளிலும் இதே வேலைதான். வீட்டு பிரிண்டரிலும் கடை மெஷினிலும் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. சாயம் படாத தாள்தான் படத்தின் வெள்ளை. அந்தத் தாளுக்குள் பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள், நம் சலவைத்தூளில் இருக்கும் அதே வகை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். வெயிலில் தாள் பளீரென்று இருக்கும். புற ஊதா இல்லாத எல்இடி விளக்கின் கீழ் அதே தாள் மங்கும். ஒளியில் கிடந்து கிடந்து பிரைட்னர் தீர்ந்ததும் மஞ்சள் மேலே வரும். தாளுக்குத் தாள் தனி புரொஃபைல் எடுப்பதற்கு இந்த வெள்ளையும் ஒரு காரணம். கடையில் இதைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லவில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறையில் ராமாயணம் வரைந்தவர்கள் வெள்ளைக்கு நீலத்தைத் தேடிப் போகவில்லை. 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த கட்டடம் அது. கேரளச் சுவரோவிய மரபில் மஞ்சளும் காவிச் சிவப்பும் செம்மண் நிலத்துக் கற்களிலிருந்து வரும். கருப்பு, நல்லெண்ணெய் விளக்கின் புகைக்கரி. பச்சைக்கு அவுரி நீலத்தோடு ஒரு மஞ்சள் பிசின். வெள்ளை, சுவரில் பூசிய சுண்ணாம்பே. மஞ்சளில் தொடங்கி ஒவ்வொரு நிறமாக அடர்த்தி ஏற்றிக்கொண்டே போய், கடைசியில்தான் கருப்புக் கோடு. தீட்டாமல் விட்ட இடம் வெள்ளையாக நிற்கும். இன்ன சுவர் எவ்வளவு நிறம் தாங்கும் என்று தெரிந்தே தூரிகை எடுத்தவர்கள். திரையில் தெரிகிற பச்சையைத் தாளில் கேட்டு அடம்பிடிக்கும் நம் ரகம் இல்லை.

என் விரிப்புகளுக்கு பிரைட்னர் கலக்காத பருத்தித் தாள்தான் சரி என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் பார்வைக்குக் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். டோபி கானா பெரியவர் பார்த்தால் நீலம் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்பார். கேட்கட்டும். படம் மாட்டப் போவது வெயில் விழும் சுவரில். அந்தத் தாள் மட்டாஞ்சேரியில் கிடைக்கவில்லை. எறணாகுளத்திலும் இல்லையென்றால் கோவையிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான்.